ஆதரவாக மூன்று பேர்

திரையில் மூன்று பெயர்களைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது.

பழைய ரசிகன் 71.

கோச் பில்.

டினா, இரண்டு பையன்களின் அம்மா.

மூன்றும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன என்று கணினி சொன்னது. போலிக் கணக்கு என்றால் நீக்க வேண்டும். அவளுடைய வேலையே அதுதான்.

பெருங்குடியில் ஏழாவது மாடி. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஏரிக்கரை ஊர் பேஸ்பால் அணிக்கு ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் இங்கே உட்கார்ந்து அவள் படிப்பாள். சரி என்றால் விடுவாள். கெட்ட வார்த்தை, பொய்ப் பெயர் என்றால் தூக்குவாள். தான் மட்டும் ஒரு வரி எழுதக் கூடாது. எழுதினால் வேலை போய்விடும்.

ஆட்டத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இரண்டு வருஷ வசவிலிருந்தே கற்றுக்கொண்டாள்.

டிசம்பரில் ஆட்டம் கிடையாது. ஆளெடுப்பும் ஆள்கழிப்பும்தான். அப்போதுதான் ரசிகர்களுக்கு வாய் நீளும்.

நேற்று கார்ல் டென்ஹாமைக் கழித்துவிட்டார்கள்.

கேட்சர். முகத்தில் இரும்புக் கூண்டை மாட்டிக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து, எறிகிற பந்தையெல்லாம் பிடிக்கிறவர். வயது முப்பத்தாறு. ஒன்பது வருஷம் அதே அணி. நான்கு வரியில் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கீழே நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள்.

விட்டது சனி என்றார் ஒருவர். எழுதியது இங்கிலீஷில், அர்த்தம் அதுதான். இரண்டு வருஷம் முன்னாலேயே துரத்தியிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். டென்ஹாமுக்குப் பதில் வரப்போகிறவனுக்கு இருபத்துமூன்று வயது. அவன் ஆடி இவர்களில் யாரும் பார்த்ததில்லை. அதற்குள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். டென்ஹாம் தவறவிட்ட பந்துகளை ஒரு மகராசன் தேதியோடு வரிசையாகப் போட்டிருந்தார். என்ன ஜென்மமோ.

ஆதரவாக எழுதியது அந்த மூன்று பேர்தான்.

இன்னும் ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்று எழுதியிருந்தார் பழைய ரசிகன். கோச் பில் அதை லேசாக மறுத்திருந்தார். ஓட்டம் மெதுவாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செப்டம்பருக்குப் பிறகு கட்டைவிரலில் வீக்கம் இல்லை, எறிவது பழையபடி ஆகிவிட்டது. டினாவின் சின்னப் பையன் டென்ஹாமின் எண் போட்ட சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறானாம்.

கட்டைவிரல்.

அவள் பழையதையெல்லாம் தேடினாள். இரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூடக் கட்டைவிரலைப் பற்றி எழுதியதில்லை. அணியும் சொன்னதில்லை.

கணினி காட்டிய ஊரைப் பார்த்தாள். அணியின் இணையப் பக்கத்தில் டென்ஹாமின் சொந்த ஊரைப் பார்த்தாள்.

ஒரே ஊர்.

மூன்று பெயரும் டென்ஹாமேதான்.

அவ்வளவு பெரிய மனுஷன். தனியாக உட்கார்ந்து ஒரு பெயரில் எழுதி, நம்ப வேண்டுமே என்று இன்னொரு பெயரில் அதை மறுத்து, மூன்றாவது பெயரில் இரண்டு பிள்ளைகளையும் பெற்றிருக்கிறார்.

சிரிக்கலாம்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட இருந்த அக்கா கல்யாணமாகிப் போய் எட்டு மாதம். இப்போது தனியாக வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்டியா என்று தன்னைத் தானே கேட்பாள். ஆச்சு என்று அவளே சொல்வாள். குரலைக்கூடக் கொஞ்சம் மாற்றிச் சொல்வாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

டீம் லீடர் ஜெபராஜ் பின்னால் வந்து நின்றான். சிவப்புக் கட்டத்தைப் பார்த்தான்.

"மூணும் ஒரே ஆள்தான். தூக்கிடுங்க."

"ஒரு வீட்ல மூணு பேர் இருக்க மாட்டாங்களா, ஜெபராஜ்?"

அவன் அவளைப் பார்த்தான். ஆடிட்டில் மாட்டினால் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனான்.

மூன்றையும் விட்டாள்.

டீ இடைவேளையில் கீழே போய் லாக்கரிலிருந்து ஃபோனை எடுத்தாள். ஒரு கணக்கைத் திறந்தாள். பெயர் கேட்டது. பொய்ப் பெயர் ஒன்றும் தோன்றவில்லை. தன் பெயரையே போட்டாள்.

கட்டைவிரல் ஆறியதில் சந்தோஷம், அவரை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று கோச் பில்லுக்கு எழுதினாள். இங்கிலீஷில் அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. திருத்தினால் அனுப்ப மாட்டோம் என்று தெரியும். அனுப்பிவிட்டாள்.

டீ ஆறிவிட்டது. குடிக்காமலே மேலே போனாள்.

இருக்கைக்கு வந்தபோது அவள் எழுதியது அவள் திரையிலேயே வந்து நின்றது. அதையும் விட்டாள்.

நான்கு நிமிடத்தில் ஒரு லைக் விழுந்தது. பழைய ரசிகன்.

அடுத்தது கோச் பில்.

அடுத்தது டினா.

பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் திட்டிக்கொண்டே இருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். எதுவும் மண்டையில் ஏறவில்லை.

பிறகு அவளுக்கு ஒரு பதில் வந்தது. எழுதியவர் பெயர் கார்ல் டென்ஹாம்.

"நன்றாக மடங்குகிறது. வலி இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை. நீங்கள் எந்த ஊர்?"

அவள் இரண்டு தடவை படித்தாள்.

ஃபோன் கீழே லாக்கரில். அடுத்த இடைவேளைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஜெபராஜ் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.