கோணல் பொட்டு

அண்ணன் தவணையில் எடுத்த புது பைக்குக்கு இணையத்தில் வாங்கி மாட்டிய ஹெட்லைட், பதினோராம் நாள் வயரோடு கருகிவிட்டது. "கம்பெனி வயரை வெட்டிட்டீங்களே, இனி வாரண்டி கிடையாது தம்பி" என்று ஷோரூமில் கைவிரித்தார்கள். விற்றவன் போனை எடுக்கவில்லை. அவனுடைய இணையப் பக்கத்தைத் தேடினேன். அங்கே ஒரு படத்தில் எங்கள் பைக் நின்றது. விளக்குக்கு நான் கோணலாக வைத்த குங்குமப் பொட்டும் தெரிந்தது. கீழே, "நம்பி வாங்கலாம் – ஜெயவேல்" என்று அண்ணன் பெயரில் எழுதியிருந்தது.

"நீயாண்ணா எழுதுன?"

"நல்லாருக்குன்னு அவனுக்குப் போட்டோ மட்டுந்தான் அனுப்புனேன், பாப்பா."

படத்துக்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: "ஜெயவேல் அண்ணே, நெசமாவே வாங்கலாமா?"

அண்ணன் போனைப் பிடுங்கி, "வாங்காதீங்க" என்று அனுப்பினான். மறுநொடி கேள்வியும் பதிலும் காணாமல் போயின. பொட்டு மட்டும் அங்கேயே இருந்தது.