தகரத்துக்குப் பின்னால் ஒரு காது

இந்தக் கதையில் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. அவசரப்பட்டு இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள். முதலில் அழகுமுத்துவின் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

தேயிலைத் தோட்டத்துப் பெரியதுரையின் பழைய ஆஸ்டின் காரில், புகைக்குழாயை எஞ்சினோடு இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்டு ஆணிகளில் ஒன்று ஒடிந்துவிட்டது. மேட்டில் ஏறினால் 'பட்... படபட' என்று திருவிழா வெடி. தோட்டத்துக் கராஜ் மெக்கானிக் அழகுமுத்து குழாயைக் கழற்றப் போனான். ஸ்பேனரை ஆன மட்டும் முறுக்கினான். இன்னொரு ஸ்டட்டும் 'டக்'.

துரை வந்து குனிந்து பார்த்தார். சுடுகிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற தமிழ் அவருக்கு.

"முத்து! இன்னிக்கி அஞ்சு மணி, கார் சத்தம் போடக் கூடாது. போட்டா, கார் மூக்கன்கிட்டே போகும். கராஜ் சாவியும் மூக்கன்கிட்டே போகும்!"

மூக்கன்! அழகுமுத்துவோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்து, இப்போது டிக்கோயா ரோட்டில் சொந்தமாகக் கராஜ் வைத்திருப்பவன். அந்தப் பெயரைக் கேட்டாலே அழகுமுத்துவுக்குப் புளித்த ஏப்பம் வரும்.

"மூக்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னாங்க?" என்றாள் மனைவி நாகலெட்சுமி. "ஒத்தாசைக்கு வரட்டுமான்னு நேத்தே ஆள் அனுப்பினாரே."

"ஒத்தாசையா? வேவு பாக்க வர்றான்டி! என் கராஜ் மேல அவனுக்குக் கண்ணு. செத்தாலும் அவன்கிட்ட கேக்க மாட்டேன்!"

சொன்ன வாய் ஈரம் காயவில்லை. மூக்கன் கராஜின் பின்பக்கம் போய், துருப்பிடித்த தகரத்தில் காதை ஒட்டிக்கொண்டு நின்றான் அழகுமுத்து. அவன் செய்தால் அது வேவு இல்லையாம், தொழில் விசயமாம்.

வந்த இருமலை விழுங்கினான். பாதிதான் இறங்கியது.

உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. அப்புறம் மூக்கனின் குரல் ஒலிபெருக்கி மாதிரிக் கிளம்பியது.

"கேளுங்க மொதலாளி! ஒடிஞ்ச ஸ்டட்டை மொரட்டுத்தனமா முறுக்கக் கூடாது. நீட்டிட்டிருக்கிற நுனியில ஒரு நட்டை வெச்சு வெல்ட் அடிக்கணும். சூட்டோட சூடா மெழுகுதிரியை ஒத்தணும். மெழுகு உருகி மரைக்குள்ள இறங்கும். அப்புறம் முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். தொட்டில் ஆட்டுற மாதிரி!"

"ஆ... ஆ..." இது விறகு லொறி முதலாளி அப்புகாமி. கினிகத்தேனை ஊர்க்காரர், தோட்டத்துக்குப் புதிது.

"இன்னொரு வாட்டி சொல்றேன், நல்லா மனசுல வாங்கிக்குங்க!" மூக்கன் முதலிலிருந்து முழுவதையும் சொன்னான். "அவசரப்பட்டா, அந்த அழகுமுத்து மாதிரி ஒடிச்சிட்டு நிக்க வேண்டியதுதான்!"

அழகுமுத்துவுக்குக் காது கொதித்தது. 'பீத்தறான் பாரு பீத்தல்! மடப்பய. தொழில் ரகசியத்தை இப்படியா ஊருக்குக் கேக்கக் கத்துவான்?'

சிரிப்பா? பொறுங்கள், வருகிறது.

திரும்பி வந்தான். நட்டு, வெல்டிங், மெழுகுதிரி. முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். முதல் ஸ்டட்டு முனகிக்கொண்டே வெளியே வந்தது. இரண்டாவது முனகக்கூட இல்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த நாகலெட்சுமி உற்றுப் பார்த்தாள். "காதுல என்னாங்க, இம்புட்டுத் துரு?"

"ஸ்டட்டு துருடி. போடி!"

புது ஸ்டட்டுகளைப் போட்டு, குழாயைப் பூட்டி முடுக்கினான். ஆஸ்டின் பூனைபோல் மெல்ல உறுமியது. துரை அவன் தோளில் தட்டினார். "வெரி குட் முத்து! சாவி உன்கிட்டேயே இருக்கட்டும்."

அந்நேரம் பார்த்து அப்புகாமியின் லொறி விறகோடு தொழிற்சாலை வாசலுக்கு வந்தது. அழகுமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

"என்னா மொதலாளி, மூக்கன் உங்க லொறி ஸ்டட்டைக் கழட்டிட்டானா? நான் இங்க ரெண்டைக் கழட்டிட்டேன்!"

"ஆ... ஆ..." அப்புகாமி சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"கழட்டிட்டானா, இல்லியா?"

"ஆ... ஆ..."

லொறி டிரைவர் சிவசாமி தலையை வெளியே நீட்டினான்.

"அவருகிட்ட என்னாண்ணே கேக்குறீங்க? அவருக்குத் தமிழ் ஒரு சொட்டும் தெரியாதே! எங்க லொறியில எந்த ஸ்டட்டும் ஒடியல. காலையில பஞ்சர் ஒட்டத்தான் போனோம். மூக்கண்ணன் எப்பவும் இவருகூட சிங்களத்துலதான் பேசுவாரு. இன்னிக்கு என்னாமோ திடீர்னு தகரத்தைப் பாத்துக்கிட்டுத் தமிழ்ல கத்து கத்துன்னு கத்தினாரு. 'மூக்கனுக்குப் புத்தி பேதலிச்சிருச்சா'ன்னு வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கிட்டே வர்றாரு மனுசன்!"

அழகுமுத்துவின் கை மெல்ல மேலே போய், துரு ஒட்டியிருந்த காதைத் தடவியது.