சூலத்துக்கு ஒரு எலுமிச்சை

“அந்தக் கையால எனக்குச் சோறு போடாத.”

என் மனைவி கஸ்தூரியின் நகக்கண்களில் மஞ்சளாக ஏதோ பிசுபிசுத்தது. “நம்ம கீர்த்தனா வளைகாப்புக்கு மஞ்சள் இடிச்சேங்க” என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கஸ்தூரி இறந்து மூன்று வருடமாகிறது. நான் அப்படிச் சொன்னது இன்னும் காதில் விழுகிறது.

அந்த வாரம் முழுக்க எனக்குக் குமட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் வேங்கிக்கால் வீட்டு ஹாலில், ஜன்னலோரத் தொட்டியில் ஒரு எலுமிச்சை மரம். காம்பிடுக்கெல்லாம் யாரோ பஞ்சை மென்று துப்பியது போல மாவுப்பூச்சி. இலையிலிருந்து வழிந்த பிசினில் தரையில் வைத்த கால் ஒட்டியது. ஒரு பூச்சியை விரலால் தள்ளப் பார்த்தேன். நசுங்கிச் சீழ் போல வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

கீழ்பென்னாத்தூர் கடையில், வயலில் மல்லாட்டைப் பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தை வாங்கி வந்தேன்.

“வீட்டுக்குள்ள இதையா அடிப்பாங்க? பழம் வேற பழுத்து நிக்குது. துணியால தொடச்சு விட்டா போவுதுங்க” என்றாள் கஸ்தூரி.

“யாரு தொடைக்கிறது? நெனச்சாலே வாந்தி வருது. இருக்கிறது ஒரே பழம். அதுவும் கீர்த்தனாவுக்காக வேண்டிக்கிட்டு, பச்சையம்மன் கோயில் சூலத்துல குத்தறதுக்கு. சூலமா கடிச்சுத் திங்கப் போவுது? எனக்கு அந்த நாத்தம் ஆவாது, நீ கலந்து மட்டும் கொடு.”

கலந்து கொடுத்தாள். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடியே அடித்தேன். இலையெல்லாம் நுரைத்தது. மூன்றே நாளில் ஒரு பூச்சி இல்லை.

“பாத்தியா, மருந்துன்னா இது மருந்து.”

கஸ்தூரி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை கீர்த்தனா பழத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். அவளுக்கு ஏழு மாதம். வெயிலில் திரும்பி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

“சூலத்துல குத்தியாச்சாம்மா?”

“இல்லப்பா. பூசாரி அம்மன் பாதத்துல வச்சு எங்கிட்டயே கொடுத்துட்டாரு. புள்ளத்தாச்சி, தோலோட பிழிஞ்சு குடிச்சிடுன்னாரு. அங்கயே குடிச்சிட்டுத்தான் வரேன். ஒரே கசப்பு.”

எனக்கு வயிற்றைப் பிரட்டியது. இந்த முறை பூச்சியை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

“கஸ்தூரி, ஆட்டோ கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். அந்தப் பழத்துல நான் விஷம்…”

கீர்த்தனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கஸ்தூரி அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். பிறகு என் முன்னால் வந்து கையை விரித்துக் காட்டினாள். நகக்கண்களில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

“நீங்க அடிச்சது சோப்புத் தண்ணிங்க. பூச்சிய இந்தக் கையாலதான் நசுக்கினேன்.”