ஒரே ஒரு விண்டோ

"பத்து விண்டோ திறக்கலாம்னு சொன்னீங்களேன்னுதான் சார் இந்த சாப்ட்வேரை வாங்கினோம். எங்க டைப்பிஸ்ட் அம்மா ஒண்ணுக்கு மேல திறக்கவே மாட்டேங்குது. நீங்களே வந்து பாருங்க."

ரத்தப் பரிசோதனை லேபின் மேனேஜர் போனில் இப்படிச் சொன்னதும் புரோகிராமருக்குச் சுருக்கென்றது. அந்த சாப்ட்வேரை எழுதியவன் அவன்தான். கம்பெனியில் சேர்ந்தபின் அவன் தனியாகச் செய்த முதல் வேலை. அதை வாங்கிய முதல் இடமும் இந்த லேப்தான்.

ஒரு பெரிய விண்டோ, அதற்குள் ரிப்போர்ட் அடிக்க நோயாளிக்கு ஒன்றாகக் குட்டி விண்டோக்கள். ஒருவருடைய சர்க்கரை அளவு வரக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொருவருடையதை அடிக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், பக்கத்தில் பக்கத்தில் பரப்பலாம். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான்.

நேரில் போனதும் மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுன்டரில் கால் கடுக்க நிற்கிறார்கள். டைப்பிஸ்டுக்குக் கற்றுக்கொள்ள வராது என்று புரோகிராமர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அவளைக் கீழ்த்தளத்துப் பழைய ஃபைல் அறைக்கு அனுப்பிவிட்டு வேறு ஆள் போட்டுக்கொள்வார். பதினாலு வருஷமாக அவள் உட்கார்ந்த சீட் அது.

லேபில் எல்லோருக்கும் அவள் அக்கா. புரோகிராமர் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். விரல்கள் என்னவோ கீபோர்டைப் பார்க்காமலே ஓடின. மவுஸை அவள் தொடவே இல்லை. ஆனால் ஒரு விண்டோவைத் திறப்பாள், அடிப்பாள், பிரின்ட் எடுப்பாள், மூடுவாள். அப்புறம்தான் அடுத்தது. முடிவு வரத் தாமதமானால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

"அக்கா, ஒரே நேரத்துல நாலஞ்சு திறக்கலாமே. அன்னைக்கே சொல்லிக் குடுத்தேனே."

"எனக்கு இப்படித்தான் சார் வருது."

மறுபடி விளக்கினான். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அவள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. 'பலமுறை விளக்கியும் கற்றுக்கொள்ளும் எண்ணமே இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மதியம் அக்கா சாப்பிடப் போனாள். எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று மேனேஜருக்குக் காட்டிவிடும் ரோஷத்தில் அவன் அந்த சீட்டில் உட்கார்ந்தான். அவளைப் போலவே மவுஸைத் தொடவில்லை.

மூன்று பேருடைய விண்டோக்களைத் திறந்தான். மூன்றாமவரை முடித்து மூடினான். இரண்டாமவருடையது முன்னால் வந்து நின்றது. அவருக்குச் சர்க்கரை முந்நூற்று நாற்பது. அடித்தான். கட்டம் காலியாகவே இருந்தது.

பின்னால் மறைந்திருந்த முதல் ஆளின் விண்டோவை முன்னால் வரவழைத்துப் பார்த்தான். எண் அங்கே உட்கார்ந்திருந்தது. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற ஒரு மனுஷனுக்கு முந்நூற்று நாற்பது.

ஒரு விண்டோவை மூடினால் கீபோர்டு அடுத்து எதற்குப் போக வேண்டும் என்று சொல்கிற நாலு வரியை அவன்தான் எழுதினான். கண் முன்னால் நிற்கிற விண்டோவுக்கு அனுப்பாமல், முதலில் திறந்த விண்டோவுக்கு அனுப்பியிருந்தான். சோதித்தபோதெல்லாம் மவுஸால் கிளிக் பண்ணியே பார்த்ததில் அந்தத் தப்பு மாட்டவில்லை.

எண்ணை அழித்தான். யாரும் பார்க்கவில்லை. ஒரு வருஷ புரொபேஷன் முடிய இன்னும் நாலே நாள். சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டு, எழுதிய தாளையும் நீட்டிவிட்டு நடையைக் கட்டலாம் என்று ஒரு மனசு சொன்னது. அதன் பேச்சைக் கேட்டிருந்தால் அவனைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தான். மேனேஜரிடம் போய், கோளாறு அக்காவிடம் இல்லை, என்னிடம்தான் என்றான். பிறகு தன் கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். ஐந்து நிமிஷம் காது கிழிந்தது.

"இன்னைக்கே சரி பண்ணிட்டு வா," என்று கடைசியில் முதலாளி சொன்னார். "திங்கட்கிழமை உன் பர்மனென்ட் லெட்டர்ல கையெழுத்துப் போடும்போது மிச்சத்தையும் திட்டறேன்."

சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டான். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டான். கோளாறைப் பற்றிச் சொன்னபோது அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சாப்ட்வேர் போட்ட ரெண்டாம் நாளே தெரியும் சார். நல்லவேளை, பிரின்ட் எடுக்கிறதுக்குள்ள பார்த்துட்டேன். அதுலேர்ந்துதான் ஒண்ணு ஒண்ணா திறக்கிறது."

"ஏன்க்கா சொல்லல? உங்க சீட்டே போயிருக்குமே."

அவள் மேஜை டிராயரைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். மேனேஜருக்கு எழுதிய புகார். எந்த விண்டோவை மூடினால் எண் எங்கே போய் விழுகிறது என்று புட்டுப் புட்டு வைத்திருந்தாள். அடியில் கையெழுத்து, ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி.

"குடுக்கத்தான் எழுந்து போனேன். அன்னைக்கு சொல்லிக் குடுக்க வந்திருந்த நீங்க வராந்தாவுல நின்னு வீட்டுக்காரம்மாகிட்ட போன்ல பேசிட்டிருந்தீங்க. புரொபேஷன் முடியறதுக்குள்ள ஒரே ஒரு புகார் வந்தாலும் வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னு."

அவன் அடியில் இருந்த தேதியை மறுபடி பார்த்தான்.

அக்கா தாளை மெல்ல வாங்கிக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, கீபோர்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேலை பர்மனென்ட் ஆயிடும்ல தம்பி? அப்ப இனிமே நானும் நாலு விண்டோ திறக்கலாம்."