கூந்தல் தைலத்துக்கு ஒரு படம்

“கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் படம் போடறதெல்லாம் விட்டுடுவியோன்னோ?”

பெண் பார்க்க வந்த அனந்தநாராயணன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே கேட்டார். ஓவியப் பள்ளியில் அம்மிணிக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

“பேஷா விட்டுடுவா” என்று அப்பா முந்திக்கொண்டார். மாப்பிள்ளைக்கு இருபத்தாறு வயசு, சுருட்டை முடி, ரயில்வே உத்தியோகம். யுத்த காலத்தில் இப்படியொரு வரன் பம்பாய் மாட்டுங்காவிலேயே கிடைக்காது என்று தரகர் அடித்துச் சொல்லியிருந்தார்.

“அப்படி என்னதான் வரையறே? கொண்டா, பாப்போம்” என்றார் அனந்தநாராயணன்.

“வேண்டாமே. பாதிதான் முடிஞ்சிருக்கு.”

“பரவாயில்லை, கொண்டா.”

அம்மிணி பரீட்சைக்கு வரையும் கூந்தல் தைல விளம்பரத்தைக் கொண்டுவந்து விரித்தாள். ‘தடவிய பின்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. ‘தடவும் முன்’ கட்டத்தில் ஒரு வழுக்கைத் தலை பளபளத்தது.

“யாருடி இது?” என்றார் அப்பா.

“பேர் தெரியாதுப்பா. தினமும் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து காத்து வாங்குவார். அவருக்குத் தெரியாம வரைஞ்சேன்.”

அப்பா படத்தின் மூக்கைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். பிறகு மெல்ல எதிரே திரும்பினார்.

“ஒரே புழுக்கமா இருக்கே. தலைப்பாகையைக் கழட்டி வெச்சுட்டு சௌகரியமா உக்காருங்கோளேன்.”

அனந்தநாராயணன் எழுந்தார். தலைப்பாகையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனார்.