கோச்சுக்கு மூன்று சுற்று

"கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

கோச் போட்ட சத்தத்தில் மைதானமே ஒரு கணம் நின்றுவிட்டது.

சிறுமிகள் கால்பந்து, இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் தலா ஒரு கோல். இரண்டாம் பாதியில் அவருடைய அணிப் பெண் அடித்த பந்து அழகாக வலைக்குள் போய் விழுந்தது. நடுவர் விசிலை ஊதி, கையில் பட்டுவிட்டது, கோல் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அடித்தவளைக் கேட்டால், பட்ட மாதிரியும் இருந்தது, படாத மாதிரியும் இருந்தது என்றாள்.

நடுவர் கோச் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்ன வயதுப் பெண். வழக்கமாக ஊதுகிறவருக்கு முதுகுப் பிடிப்பு. கடைசி நேரத்தில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது எதிரணிக் கோச்தான், "எனக்கு ஆட்சேபணை இல்ல. இந்தப் பொண்ணு யாருக்கும் சாயாது" என்று முடித்து வைத்தார்.

பந்து வெளியே போனது. கேப்டன் எல்லைக்கோட்டுக்கு நடந்து வந்தாள். பல்லில் கம்பி, முழங்காலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி.

மூன்று விரல்களைக் காட்டினாள்.

கோச்சுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

சட்டம் அவரே போட்டதுதான். நடுவரைப் பார்த்துக் கத்தினால் மைதானத்தை இரண்டு சுற்று. நீ, வா, போ என்று மரியாதை குறைந்தால் இன்னொன்று. அதுவும் அப்போதே. ஆட்டம் நடந்தாலும் சரி, வானம் இடிந்து விழுந்தாலும் சரி.

போன வருடம் அரையிறுதியில் இதே கேப்டன் நடுவரைத் திட்டியதற்கு, அந்த நிமிடமே வெளியே அழைத்து ஓடவிட்டார். ஆள் குறைந்து அணி தோற்றது. அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை அழுதவள், மறுநாள் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நின்றாள்.

"மேட்ச் முடியட்டும்மா, ஓடிடறேன்."

"எங்கள மட்டும் முடியட்டும்னு விட்டீங்களா, சார்?"

கோச் செல்போனை மாற்று ஆட்டக்காரி கையில் கொடுத்துவிட்டு ஓடத் தொடங்கினார்.

தொப்பை முன்னால் போக, அவர் பின்னால் போனார்.

பெற்றோர் பக்கம் முதலில் சிரிப்பு, அப்புறம் கைதட்டல். ஓர் அப்பா படம் பிடிக்கப் போனார். அவர் மனைவி அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். எதிரணிக் கோச்சுக்கு வாயெல்லாம் பல்.

ஓடிக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தார். பூனை என்று எல்லோரும் கூப்பிடும் கோல்கீப்பர், மியாவ் என்றுகூட வாயைத் திறக்காதவள், "இடது பக்கம் ஆளே இல்ல, ஓடுங்கடி!" என்று பின்களத்தையே விரட்டிக்கொண்டிருந்தாள்.

அதைச் சொல்லத்தான் அவர் இவ்வளவு நேரம் தொண்டையைத் தீட்டி வைத்திருந்தார். கொஞ்சம் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும்.

இரண்டாவது சுற்று முடியும்போது மூச்சு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கோல் கம்பத்துக்குப் பின்னால் அவர் வந்ததும் பூனை திரும்பி, "இன்னும் ஒண்ணு பாக்கி, சார்!" என்றாள்.

அந்தத் திரும்பலில் பந்து உள்ளே போய்விட்டது.

கோச் அப்படியே நின்றார். கத்துவதற்கு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

பூனை வலையிலிருந்து பந்தை எடுத்தாள். முகம் சிவந்திருந்தது. அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கேப்டன் பந்தை வாங்கிக்கொண்டு, நிற்காதீங்க என்று அவருக்குக் கையால் சைகை செய்தாள்.

மூன்றாவது சுற்றை ஓட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் முடித்தார்.

ஆட்டம் அதே கணக்கில் முடிந்தது. பூனை அழுதாள். கேப்டன் அவள் தோளில் கை போட்டு, கோச் ஓடிய விதத்தை நடித்துக் காட்டினாள். பூனைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

தோற்றதற்கு யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே ஒரு சந்தேகம்தான். இத்தனை வருடங்களில் எத்தனையோ நடுவர்கள் எத்தனையோ கோல்களை விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறார்கள். கோச் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரே தவிர, ஒருவரைக்கூட ஒரு சொல் சொன்னதில்லை. இன்றைக்கு மட்டும் என்ன ஆயிற்று?

வெயில் என்றாள் ஒருத்தி. ஃபைனல் ஆச்சே என்றாள் இன்னொருத்தி.

சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும் என்ற கோலத்தில் கோச் நடு மைதானத்துக்குப் போனார். நடுவர் முன்னால் நின்றார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சிடுங்க. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

நடுவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். என்னவோ சொல்ல வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கேப்டன் நீதிபதி மாதிரி தலையசைத்தாள்.

வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசிப் பிள்ளையும் போன பிறகு கோச் ஸ்கூட்டரைக் கிளப்பினார். நடுவர் வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

தெருமுனை திரும்பியதும் நடுவர் அவர் காதருகே குனிந்தார்.

"அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன், அப்பா. நீங்களே சொல்லிடுங்க."