மூன்றாவது சிவப்புக் குறி

‘கதவைத் திறந்தீர்களா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘ஆம்’ என்று அவளே எழுதியிருந்தாள். ‘காரணம்’ என்ற கட்டம் மட்டும் காலி.

துணைத் தலைமை ஆசிரியர் அந்தத் தாளை மேஜையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

மாடிக் கோடியில் அவருடைய அறை. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் கழிப்பறை. அங்கே ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. எத்தனை முறை சொல்லியும் யாரும் சரி செய்யவில்லை.

எதிரே இரண்டாம் வகுப்பு டீச்சர். வேலைக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. பக்கத்தில் அவளுக்குத் துணையாக வேதியியல் டீச்சர். விடுமுறையில் நடந்த பயிற்சியில் ஆசிரியர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஒருவருக்குச் சிக்கல் வந்தால் மற்றவர் கூட வந்து உட்கார வேண்டும்.

“இது மூணாவது தடவை,” என்றார் அவர்.

பாதுகாப்பு ஒத்திகைக்கு மணி அடித்தால் எல்லா வகுப்பிலும் கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, மூச்சுக் காட்டாமல் தரையில் உட்கார வேண்டும். அலுவலக உதவியாளர் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பார். “நான்தான், திறங்க” என்பார். போன முறை அழுதுகூடக் காட்டினார். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. திறந்தால் சிவப்புக் குறி. மூன்று சிவப்பு விழுந்தால் வேலை நிரந்தரம் ஆகாது.

விதியை எழுதியது துணைத் தலைமை ஆசிரியர்தான். எழுதிய நாளிலிருந்தே அது சரிதானா என்று உள்ளுக்குள் ஒரு குடைச்சல். அதனாலேயே யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

“உள்ளே இருபத்தெட்டு பிள்ளைங்க. நாளைக்கு நிஜமாவே எவனாவது வந்து தட்டினா என்ன பண்ணுவீங்க?”

“தப்புதான் சார்.”

“தப்புன்னு தெரியுதில்ல? அப்புறம் ஏன் திறந்தீங்க?”

அவள் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் வரை போனார், வந்தார். போன இரண்டு முறையும் எச்சரித்து அனுப்பியதைச் சொன்னார். நல்ல டீச்சர் என்று பெற்றோர் சொல்வதையும் சொன்னார்.

“நேத்து என் கதவையும்தான் தட்டினான். பூனை மாதிரி, மெதுவா. நான் ஏமாந்தேனா? நாற்காலியைக்கூடக் கதவை விட்டுத் தள்ளி இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். ஒத்திகை முடியறவரைக்கும் எழுந்திருக்கலே.”

வேதியியல் டீச்சர் எதையோ சொல்ல வாயெடுத்தார். இளையவள் சட்டென்று அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

துணைத் தலைமை ஆசிரியர் அதைப் பார்த்தார். இன்னொன்றும் காலையிலிருந்து அவரை உறுத்திக்கொண்டிருந்தது. உதவியாளர் கொடுத்த பட்டியலில் மாடியிலிருந்த எட்டு அறைக்கும் பச்சை. இவள் அறைக்கும் பச்சை. ஆளாளுக்கு இவளுக்குப் பரிந்துகொண்டு வருகிறார்களா?

மேஜை மணியை அடித்து உதவியாளரைக் கூப்பிட்டார். அவர் ஒவ்வொரு படியாகத் தாங்கித் தாங்கி ஏறி வந்து சேர்வதற்குள் இவர் இன்னும் நான்கு முறை ஜன்னலுக்குப் போய் வந்துவிட்டார்.

“இவங்க திறந்தேன்னு எழுதியிருக்காங்க. நீ பச்சை போட்டிருக்கே. யாரைய்யா காப்பாத்தறே?”

உதவியாளர் தலையைச் சொறிந்தார்.

“என்னைத்தான் சார்.”

“என்னது?”

“முட்டி வலி சார். நேத்து மாடி ஏறவே இல்லை. கீழே மட்டும் தட்டிட்டு, மேலே எல்லாருக்கும் பச்சை போட்டுட்டேன். மேலே எப்பவும் எல்லாரும் பாஸ்தானே, இந்த டீச்சரைத் தவிர. இவங்களுக்கு மட்டும் சிவப்பு போட மனசு வரலை.”

உதவியாளரைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். வேறு கேள்வி வந்தது.

“அப்போ தட்டினது யாரு?”

குழாய் சொட்டியது.

“சொல்லிடும்மா,” என்றார் வேதியியல் டீச்சர். “நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். துணைக்கு வந்தவ வாயை மூடிக்கணும்னு விதி இருந்தா சார் காட்டட்டும்.”

இளையவள் மெல்ல ஆரம்பித்தாள். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மணி அடிக்கும் முன்பே கழிப்பறைக்குப் போயிருக்கிறாள். வெளியே வந்தால் நடை முழுக்க இருட்டு, எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். எல்லோரும் ஒத்திகைத் தட்டல் என்றே நினைத்துவிட்டார்கள்.

“என் ரூம் அந்தக் கோடி சார். எட்டாவது கதவு.”

“குரல் கொடுத்திருக்கலாமே அந்தப் பொண்ணு? அழுதிருக்கலாமே?”

“மணி அடிச்சா சத்தமே போடக் கூடாதுன்னு நாமதானே சார் சொல்லிக் கொடுத்திருக்கோம்.”

அவர் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகினார், கழற்றினார், திருகினார்.

“இதை அந்தக் கட்டத்துல எழுத வேண்டியதுதானேம்மா? வேலையே போயிருக்குமே. இதைப் படிச்சப்புறமும் சிவப்பு போட நான் என்ன கல்லா?”

“எழுதினா விசாரணை வரும் சார். அந்தப் பொண்ணு முதல்ல எந்தக் கதவைத் தட்டினா, அங்கே ஏன் திறக்கலைன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டுமே. எந்தக் கதவு?”

அவள் வேதியியல் டீச்சரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அந்தக் கதவுகிட்டதான் ரொம்ப நேரம் நின்னாளாம் சார். உள்ளே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டுச்சாம். யாரோ எழுந்து வர்றாங்கன்னு நினைச்சாளாம்.”